நாக்கு மரத்த மதியம்

பல் பிடுங்குவதை நினைத்து ஃபிர்தௌஸ் பயப்படவில்லை. பிடுங்கிய பிறகு என்ன சாப்பிடுவது, அதை யார் கையால் வாங்கிச் சாப்பிடுவது என்ற கவலைதான் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

இடது கீழ்த்தாடையில் ஞானப்பல் ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டு முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் மாத்திரையிலேயே ஓட்டினாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் மேல்தோலை விளக்கடியில் பிடித்து, தையல் எங்கே தப்பியிருக்கிறது, தோலில் எங்கே கீறல் என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். வலி ஏறினால் எல்லாத் தையலும் கோணலாகத் தெரியும். இனி தாங்காது என்று ஆனபோது, ஒரு சனிக்கிழமை காலையில் பிடுங்கிக்கொள்ள நாள் குறித்தார்கள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, தையல் போட்டு, ரத்தம் நிற்கப் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு அச்சடித்த ஒரு தாளை நீட்டினாள். சாப்பிட வேண்டியவை என்று அதில் போட்டிருந்தது. ஐஸ்கிரீம், மில்க் ஷேக், தயிர் சாதம், கஸ்டர்டு, பாலில் ஊறவைத்த ரொட்டி.

ஃபிர்தௌஸ் தாளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவன் சுஹேல் அகமதுவைப் பார்த்தாள். அவளால் பேச முடியவில்லை. சுஹேல்தான் சொன்னான்.

"டாக்டர், இவளுக்குப் பால் ஆகாது."

"ஒத்துக்காதா? வயிறு உப்புசமா?"

"இல்ல டாக்டர். அலர்ஜி. ஒரு சொட்டு உள்ள போனாலும் மூச்சு அடைச்சுக்கும். முன்னாடி மூணு வாட்டி ஆயிருக்கு. முதல்ல குடுத்த ஃபாரத்துலயே எழுதியிருந்தோம்."

டாக்டர் தாளைத் திருப்பி வாங்கி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். நன்றாக ஆறிய கேழ்வரகுக் கூழ், குழைந்த அரிசிக் கஞ்சி, மசித்த பாசிப்பருப்பு, தோல் எடுத்து மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர் வழுக்கை. வேண்டுமானால் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். சூடு கூடாது, காரம் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, காறித் துப்பக் கூடாது.

"மரத்துப்போகப் போட்ட ஊசி மூணு மணி வரைக்கும் வேலை செய்யும். நாக்கு, உதடு ரெண்டும் இருக்கறதே தெரியாது. தொண்டை வீங்கின மாதிரிகூட இருக்கும். நெஞ்சு படபடங்கும். எல்லாம் மருந்துதான், பயந்துடாதீங்க. மரப்பு விடறதுக்குள்ள ஏதாவது சாப்ட்டுட்டு வலி மாத்திரை போட்டுக்கணும். வெறும் வயித்துல போடக் கூடாது."

ஃபிர்தௌஸ் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை. நாக்கு மரத்துப்போகும்.

அவளுக்கு இருந்த ஒரே காவல் அந்த நாக்குதான். ஆறு வயதில் திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் அரை டம்ளர் பாதாம் பால் குடித்து நீலம் பாரித்துப்போனவளை அத்தா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு பதினாறு வயதில் ஒரு பிஸ்கட்டால் ஒருமுறை, இருபத்தொன்றில் தயிர்ப் பச்சடி பட்ட கரண்டியால் ஒருமுறை. மூன்று தடவையும் முதலில் நாக்கு நுனியில் கட்டெறும்பு ஊர்வதுபோல் அரித்தது. அந்த அரிப்பு வந்த உடனே துப்பிவிட்டால் பாதி பிழைத்த மாதிரி. புதிதாக எதைச் சாப்பிட்டாலும் நுனி நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவாள். இன்றைக்கு அந்த நாக்கு வாய்க்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஈரத்தோல் மாதிரி கிடந்தது.

சத்தாரின் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். சத்தார் பக்கத்துத் தெருக்காரர். வழியெல்லாம் தன் பல் பிடுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஃபிர்தௌஸ் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வீட்டை நெருங்க நெருங்க அவளுக்கு மாமியாரின் சமையலறை கண்முன் வந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாட்றம்பள்ளியில் சம்பந்தம் பேசியபோது அவள் அம்மா வஜீதா, "பொண்ணுக்குப் பால் மட்டும் கொஞ்சம் ஒத்துக்காது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். உயிருக்கே ஆபத்து என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம். கல்யாணமான முதல் வாரத்திலேயே ஃபிர்தௌஸ் சுஹேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலூரில் ஒரு டாக்டர் கொடுத்த சிறு பையைக் காட்டினாள். அதில் இரண்டு கண்ணாடிக் குப்பி மருந்து, இரண்டு ஊசி. மூச்சு அடைத்தால் உடனே தொடையில் போட வேண்டியது. சுஹேல் முகம் வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டான். "அம்மாகிட்ட நான் மெதுவா சொல்லிக்கறேன்" என்றான். அந்த மெதுவா இன்னும் வரவில்லை.

மாமியார் அக்தரி பேகம் கெட்டவள் இல்லை. ஆனால் பால் என்பது ஒருத்தரைக் கொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மாதத்தில் டீ கலக்கிய கரண்டியை அப்படியே பருப்புக்குள் விட்டாள். ஃபிர்தௌஸின் கழுத்தெல்லாம் தடித்துப்போனது. "வேர்க்குரு" என்று சொல்லிப் பவுடர் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஃபிர்தௌஸ் தனக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கி அலமாரி மூலையில் வைத்துக்கொண்டாள். அக்தரி பேகத்தின் முகம் அதைப் பார்த்ததும் மாறியது. "என் வூட்டுப் பாத்திரத்துல சாப்ட்டா இன்னா கொறஞ்சு பூடும்?" என்று சுவரிடம் கேட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் பேச்சு கம்மியாகிவிட்டது. மாமியார் அடுப்படியில் நின்றால் ஃபிர்தௌஸின் காது அங்கேயே இருக்கும். எந்த மூடி திறக்கிறது, எந்தக் கரண்டி எதில் போகிறது.

வெள்ளிக்கிழமை மாலையே இரண்டு நாளுக்கான சாப்பாட்டைத் தானே செய்து வைத்துவிட நினைத்திருந்தாள். கம்பெனியில் சரக்கு ஏற்றும் அவசரத்தில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். அதனால் இப்போது அவள் படுக்கையில் கிடந்தாள். சமையலறை மாமியார் கையிலும் சுஹேல் கையிலும் இருந்தது.

பன்னிரண்டேகால் மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அறைக்குள் வெயிலின் புழுக்கம் ஏறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்தரி பேகம் வந்தாள். கையில் டம்ளர்.

"அரிசிக் கஞ்சிம்மா. நல்லா கொழைச்சு, ஆற வச்சுட்டேன். குடி."

ஃபிர்தௌஸ் எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். கஞ்சி வெள்ளை வெளேரென்று இருந்தது. எந்தக் கஞ்சியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தாலே அவளுக்குக் கை சில்லிடும். முகர்ந்து பார்த்தாள். மூக்கில் ரத்தமும் மருந்தும் கலந்த வாடை மட்டுமே வந்தது. எந்தச் சட்டியில் வைத்தாள்? எந்தக் கரண்டியால் கிண்டினாள்? காலையில் பால் காய்ச்சிய பாத்திரமா? கேட்க வாயில்லை. பஞ்சைத் தொட்டுக் காட்டி, பிறகு குடிக்கிறேன் என்று சைகை செய்தாள்.

"சரி, மறந்துடாத. மாத்திரை போடணும்னான் சுஹேல்."

மாமியாரின் செருப்புச் சத்தம் கூடம் வரை போவதைக் கேட்டுவிட்டு, ஃபிர்தௌஸ் எழுந்தாள். தலை சுற்றியது. அறையை ஒட்டி, கூடத்துப் பக்கமும் கதவு உள்ள குளியலறையில் கை கழுவும் தொட்டியில் கஞ்சியைக் கொட்டி, தண்ணீர் விட்டாள். குற்ற உணர்ச்சியில் காது சூடானது. ஆனாலும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. ஒன்றைத் தாண்டியாகிவிட்டது.

ஒரு மணி வாக்கில் சுஹேல் வந்தான். வேர்த்து நனைந்திருந்தான். கையில் அவளுடைய சட்டி, அவளுடைய கரண்டி. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கேழ்வரகுக் கூழ். நானே செஞ்சேன், அம்மாவ கிட்டயே வரவிடல. பாரு, ஒன்னோட சட்டிதான்."

பஞ்சை எடுத்துவிட்டு அவள் போனில் எழுதிக் காட்டினாள். என்னென்ன போட்டீங்க?

"கேழ்வரகு மாவு, வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, தேங்காப்பால். டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே? சத்தியமா ஒரு சொட்டுப் பால் இல்ல. என் கைய நாலு வாட்டி சோப்புப் போட்டுக் கழுவினேன்."

அவள் வாயைச் சற்றுத் திறந்தாள். அவன் கரண்டியின் வெளிப்பக்கத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, வலது கன்னத்துப் பக்கமாக ஊட்டினான். உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாதி வழிந்தது. அவன் துடைத்துவிட்டான். நாக்கில் ருசி இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே இல்லை. தொண்டையில் குளிர்ச்சியாக ஏதோ இறங்குவது மட்டும் தெரிந்தது. ஏழெட்டுக் கரண்டி. காலையிலிருந்து காய்ந்த வயிறு அதை ஆவலாக வாங்கிக்கொண்டது.

"இப்ப மாத்திரை" என்று எழுந்த சுஹேல் சட்டைப்பையைத் தடவினான். "ஐயோ, மருந்துச் சீட்டை வச்சுக்கினே வாங்காம வந்துட்டேன். ரெண்டே நிமிஷம். முக்குல இருக்கற மெடிக்கல்தான்."

அவன் போனான். ஃபிர்தௌஸ் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

முதலில் உள்ளங்கை அரித்தது. புழுக்கம் என்று நினைத்தாள். பிறகு கழுத்து. கரண்ட் இல்லாத அறை, வேர்வை. சொறிந்துகொண்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னாளே, மருந்தால் படபடப்பு வரும் என்று. தொண்டையில் ஏதோ உருண்டை நின்றது. அதையும் அவள் சொல்லியிருந்தாள். எல்லாம் மருந்துதான், பயந்துடாதீங்க.

ஃபிர்தௌஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். எறும்பு ஊர்கிறதா? தெரியவில்லை. நாக்கே இல்லாத இடத்தில் எறும்பு எப்படி ஊரும்? கன்னம் இறுகியது. பல் பிடுங்கினால் கன்னம் வீங்கத்தானே செய்யும். எது பல், எது மருந்து, எது புழுக்கம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அப்போது உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. உள்ளங்காலுக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை.

அவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. தேங்காய்ப்பால் என்றானே. கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடவில்லை. தேங்காய் துருவுகிற சத்தமும் கேட்கவில்லை. அந்தத் தேங்காய்ப்பால் எங்கிருந்து வந்தது?

எழ முயன்றாள். கால் துவண்டது. போனை எடுத்துச் சுஹேலை அழைத்தாள். அவன் போன் சமையலறை மேடையில் அடித்தது. விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கத்திப் பார்த்தாள். வாயிலிருந்து வந்தது ஒரு கரகரத்த காற்று மட்டுமே. மூச்சை உள்ளே இழுத்தபோது மார்பில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் அறிவாள். மூன்று தடவை கேட்டிருக்கிறாள். இந்த அறையில், இந்தக் கட்டிலில், பத்தடி தூரத்தில் ஆள் இருந்தும், யாருக்கும் தெரியாமல் செத்துப்போகப் போகிறோம் என்று தோன்றியது. பயம் என்பது அதுவரை அவள் அறிந்த எதுவும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. அக்தரி பேகம் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. எதையோ கேட்க வந்தவள் மாதிரி ஒரு விரலை நீட்டியிருந்தாள். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"இன்னாடி இது? கழுத்தெல்லாம் இன்னா இப்படித் தடிச்சுக் கெடக்கு? உதடு ஏன் நீலமா இருக்கு?"

ஃபிர்தௌஸ் இரும்பு அலமாரியைக் காட்டினாள். மேல்தட்டு, துப்பட்டாக்களுக்கு அடியில். அக்தரி பேகம் துணிகளை வாரித் தரையில் போட்டாள். சிறு பை விழுந்தது. ஜிப்பைத் திறந்தாள். குப்பிகளையும் ஊசிகளையும் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவே அதிரக் கத்தினாள்.

"சுஹேல்! டேய் சுஹேல்! ஓடியா!"

மருந்துக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவன் அந்தக் குரலில் ஓடிவந்தான். ஃபிர்தௌஸைப் பார்த்ததும் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலம் விழுந்தது.

"அம்மா, ஊசி போடணும். உடனே போடணும். தொடையில."

அவனே குப்பியை எடுத்து உடைத்தான். கை நடுக்கத்தில் கழுத்தில் உடைய வேண்டியது நடுவில் நொறுங்கியது. மருந்து விரல்வழியே ரத்தத்தோடு தரையில் சொட்டியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "யா அல்லாஹ், போச்சு" என்றான். குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

"இன்னொண்ணு கீதே, குட்றா இப்படி."

அக்தரி பேகத்துக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை தன் வயிற்றில் தானே இன்சுலின் போட்டுக்கொள்பவள். குப்பியைச் சுண்டி மேலே நின்ற மருந்தைக் கீழே இறக்கினாள். கீழே கிடந்த ஒரு துப்பட்டாவின் நுனியைச் சுற்றிப் பிடித்துக் கழுத்தை ஒடித்தாள். ஊசியை விட்டு இழுத்தாள்.

"எவ்ளோ?"

ஃபிர்தௌஸ் ஆள்காட்டி விரலின் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினாள். "அரை மில்லி, அம்மா, அரை" என்று சுஹேல் விம்மினான்.

எட்டு மாதமாக எந்தக் கையைப் பார்த்துப் பயந்தாளோ அந்தக் கை தொடையை நோக்கி வந்தது. ஃபிர்தௌஸுக்குப் பார்வை ஓரங்களில் கறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் மாமியாரின் முகம் மட்டும் இருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. ஊசியின் அளவுக் கோட்டைத் தவிர வேறெதையும் அந்தக் கண் பார்க்கவில்லை.

"பிஸ்மில்லாஹ்." சல்வாருக்கு மேலேயே குத்தினாள். மருந்து முழுக்க இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

கத்தலைக் கேட்டிருந்த சத்தார் ஆட்டோவை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். ஃபிர்தௌஸை அம்மாவும் மகனுமாகத் தூக்கி ஏற்றினார்கள். நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் அக்தரி பேகம் அவளை முன்னால் சாய்த்து உட்கார வைத்துத் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியில் ஃபிர்தௌஸ் வாந்தி எடுத்தாள். தையல் பிரிந்து ரத்தமும் கூழுமாக மாமியாரின் மடியில் கொட்டியது. "வரட்டும், வரட்டும், எல்லாம் வெளிய வரட்டும்" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூச்சு ஒரு நூல் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஃபிர்தௌஸ் ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணினாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்து, கையில் சலைன் ஏற்றினார்கள். கால் மணி நேரம் கழித்துத் தொண்டை மெல்லத் தளர்ந்தது. முதல் முழு மூச்சு உள்ளே போனபோது அவளுக்கு உடம்பே உதறியது.

"என்ன சாப்ட்டாங்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

சுஹேல் சொன்னதைக் கேட்டுவிட்டு, தேங்காய்ப்பால் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். சத்தார் போய் எடுத்துவந்தார். முன்பக்கம் பாதியாக உடைத்த தேங்காய்ப் படம். டாக்டர் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"இங்க பாருங்க. சோடியம் கேசினேட். இது பால்லேருந்து எடுக்கற புரதம். சில தேங்காப்பால் பவுடர்ல இத சேர்க்கறாங்க, தண்ணியில நல்லா கலக்கறதுக்கு. கீழ அலர்ஜின்னு தனியாவும் போட்டிருக்கான்."

"கரண்ட் இல்ல சார்" என்றான் சுஹேல். "தேங்கா அரைக்க முடியல. தேங்காப்பால்னுதான் சார் போட்டிருந்துச்சு."

அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். நாற்காலியில் உட்காரும்படி நர்ஸ் சொல்லியும் அவன் எழுந்திருக்கவில்லை.

திறந்த மூச்சு மறுபடியும் அடைக்கலாம் என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பல் டாக்டருக்குப் போன் செய்ததும், அவளே வந்து பிரிந்த தையலைச் சரிசெய்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை வெயில் வார்டு ஜன்னலில் விழுந்தபோது அக்தரி பேகம் கட்டிலருகே ஸ்டூலில் இருந்தாள். அதே புடவை. மடியில் கறை காய்ந்து கறுத்திருந்தது.

ஃபிர்தௌஸுக்கு ஓரளவு பேச்சு வந்தது. முதலில் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"மாமி, நீங்க குடுத்த கஞ்சிய நான் குடிக்கல. கொட்டிட்டேன்."

"தெரியும். பேசின்ல பருக்கை ஒட்டிக்கினு இருந்துச்சு. கை கழுவப் போனப்ப பாத்தேன்."

ஃபிர்தௌஸ் பார்வையைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் கோவம்தான் வந்துச்சு" என்றாள் அக்தரி பேகம். குரலில் இளக்கம் எதுவும் இல்லை. "பொய் இன்னாத்துக்குச் சொல்லணும்? என் கையால ஆக்கினத ஊத்திட்டு, புருஷன் குடுத்தா வழிச்சுத் தின்றாளேன்னு வந்துச்சு. இன்னிக்குக் கேட்டுடறதுன்னு தான் கதவத் தள்ளினேன். நீ சொறிஞ்சுக்கினு கெடந்த."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல நீ? எட்டு மாசம் ஒரே வூட்ல இருந்தோம். அந்தப் பருப்புக் கரண்டி அன்னிக்கு, நானே ஒன்னைக் கொன்னுருப்பேனே. கொன்னுட்டுப் பவுடர் போட்டு வுட்டிருப்பேன்." மடியில் காய்ந்த கறையை நகத்தால் சுரண்டினாள். கோபமா, பயமா என்று ஃபிர்தௌஸுக்குத் தெரியவில்லை. "ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சேன். டீ போட்டது, தயிர் தொட்டது, நெய் ஊத்தினது. எத்தனை வாட்டி தப்பிச்சியோ."

"சொன்னா அனுப்பிடுவீங்களோன்னு பயம் மாமி."

"எங்க அனுப்பறது?"

அக்தரி பேகம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய் வராந்தாவில் இருந்த மகனை உலுக்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த பத்து நாள் மசித்த பருப்பும், கேழ்வரகும், கையால் அரைத்துப் பிழிந்த தேங்காய்ப்பாலும்தான். சுஹேல் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. சர்க்கரைப் பொட்டலத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கொடுத்தான். ஒரு நாள் உப்புப் பாக்கெட்டோடு கால் மணி நேரம் நின்றான். அவன் நீட்டும் கரண்டியைப் பார்த்தால் ஃபிர்தௌஸுக்கும் இன்னும் தோள்பட்டை இறுகியது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

அக்தரி பேகம் தன் டீப் பாத்திரங்களைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள். ஃபிர்தௌஸ் சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து அவள் கழுத்தையே பார்ப்பாள். ஒரு பருக்கை தொண்டையில் சிக்கி இருமினால்கூட எழுந்துவிடுவாள்.

"ஒண்ணும் இல்ல மாமி."

"இரு, பாக்கறேன்."

சில நேரம் அந்தப் பார்வை ஃபிர்தௌஸுக்குப் பேஜாராக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் இருந்தது. கன்னத்து வீக்கம் வடிந்தது, தையல் எடுத்தாயிற்று, வாய் முழுதாகத் திறந்தது. நாக்கின் இடது ஓரம் மட்டும் உயிர் பெறவில்லை. நரம்பில் அழுத்தம் பட்டிருக்கலாம், தானாகத் திரும்பும், சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம் என்றாள் பல் டாக்டர். அதுவரை பாதி நாக்குதான். தன் உடம்பு தனக்குச் சொல்லாமல் விட்டால் வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதினோராம் நாள் கம்பெனிக்குப் போனாள். தன் லைனுக்குப் போகாமல் முதலுதவி அறைக்குப் போனாள். அங்கே பணியிலிருந்த ஹேமந்த் மேசைமேல் மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான்கு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மூலையில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

புதிதாக வாங்கிய மருந்துப் பையை மேசையில் வைத்தாள்.

"ஹேமந்த், உங்களுக்கு ஊசி போடத் தெரியுமா?"

"டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க. ஏன்க்கா? இன்னா ஆச்சு?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாதாம் பால் குடித்த ஆறு வயதிலிருந்து ஆரம்பித்தாள்.